6 மாசம் முடியுது: பாப்பாவுக்கு முதல் சாப்பாடு என்ன, எவ்வளவு கெட்டியா?

கயல்அம்மா (திருப்பூர்) | ஜூன் 3, இரவு 11.10

எல்லாருக்கும் வணக்கம். வர்ற 14ஆம் தேதியோட பாப்பாவுக்கு 6 மாசம் முடியுது. இதுவரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். பொறந்தப்ப 2.8 கிலோ, இப்ப 6.9. தலை நல்லா நின்னுடுச்சு. முதுகுக்குத் தலகாணி வெச்சா உக்கார்றா. நாங்க சாப்பிடறப்ப தட்டையே பாத்துட்டு வாயை மென்னுட்டு இருக்கா.

இப்பதான் குழப்பம். அரிசிக் கஞ்சித் தண்ணியில ஆரம்பிச்சு ஒரு மாசம் அதையே குடு, பல்லு வரட்டும், அப்புறம் மத்ததுன்னு மாமியார் சொல்றாங்க. அம்மா கேழ்வரகுப் பால்ங்கறாங்க. தடுப்பூசிக்குப் போன இடத்துல "வீட்ல செய்யறதையே மசிச்சுக் குடுங்க"ன்னு ஒரே வரியில சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்குத் தொண்டையில மாட்டிக்குமோன்னு ஒரே பயம். எதுவா இருந்தாலும் மிக்ஸியில அடிச்சு, வடிகட்டி, தண்ணியா குடுத்துடலாமான்னு தோணுது. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

தேனிமகள் | ஜூன் 4, காலை 7.25

வாழ்த்துகள் கயல். நான் ஆப்பிளை வேகவெச்சு மசிச்சதுல ஆரம்பிச்சேன், அப்புறம் கேரட். ஒவ்வொண்ணும் மூணு நாள் குடுத்துப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போனேன். எதுவும் ஒத்துக்கலைன்னா எதுன்னு கண்டுபிடிக்க லேசு. வெள்ளிச் சங்குல குடுங்க, பாட்டில் வேண்டாம். சங்கைச் சுடுதண்ணியில நல்லா கொதிக்க விட்டு எடுங்க.

---

மதுரைப்பாட்டி | ஜூன் 4, காலை 9.02

தாயி, நாங்க மூணு மாசத்துலயே பசும்பால்ல பிஸ்கட்டை ஊறப்போட்டு ஊட்டினோம். நாலு பிள்ளைங்களும் நல்லாத்தான் வளந்தாங்க. இப்ப இருக்கிற பிள்ளைங்க எல்லாத்துக்கும் பயப்படுதுங்க. மாமியார் சொல்றதைக் கேளு. கஞ்சித் தண்ணி வயித்துக்கு இதம்.

---

ஊர்ச்செவிலி (ஓய்வு) | ஜூன் 4, மதியம் 2.40

கயல், "தண்ணியா குடுத்துடலாமா"ன்னு நீங்க எழுதினதைப் பாத்ததும் கைவேலையைப் போட்டுட்டு உக்காந்துட்டேன். கிராமத்துல 31 வருஷம் செவிலியரா இருந்தவ நான். எடை ஏறாத குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போனா, குழந்தையைப் பாக்குறதுக்கு முன்னாடி அடுப்படிக்குப் போய்க் கிண்ணத்தைப் பாப்பேன். "நாலு வேளை கஞ்சி குடுக்கிறோம் சிஸ்டர், ஆனாலும் ஏறலை"ம்பாங்க. கிண்ணத்துல இருக்கிறது வெள்ளைத் தண்ணியா இருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. குழந்தையோட இரைப்பை, எடையில ஒரு கிலோவுக்கு 30 மில்லிதான் கொள்ளும். உங்க பாப்பாவுக்கு 200 மில்லி, ஒரு டம்ளர். அதுக்கு மேல இடம் கிடையாது. 6 மாசத்துல இருந்து 8 மாசம் வரைக்கும் தாய்ப்பால் போக ஒரு நாளைக்கு 200 கலோரி வேணும். 9 மாசத்துல இருந்து 300, ஒரு வயசு தாண்டினா 550. தாய்ப்பால் 100 மில்லியில 65, 70 கலோரி இருக்கு. ஒரு பிடி சோத்தைக் கரைச்சு வடிச்ச தண்ணியில அதுல பாதி கூட இருக்காது. அந்தத் தண்ணியால வயித்தை ரொப்பினா குழந்தை பால் குடிக்கிறதையும் குறைச்சுக்கும். நல்லதை வெளிய தள்ளிட்டு அதைவிடக் குறைஞ்சதை உள்ள விட்ட மாதிரி ஆயிடும். அம்மாவுக்கு வயிறு நிறைஞ்சது தெரியும், சத்து போகாதது தெரியாது.

அதனால பக்குவத்தைக் கண்ணால பாத்துக்கோங்க. மசிச்ச சாப்பாட்டை ஸ்பூன்ல எடுத்து லேசாச் சாயுங்க. சர்ருனு வழிஞ்சு ஓடினா தண்ணி அதிகம். ஸ்பூன்லயே குமிஞ்சு நின்னு, சாய்க்கச் சாய்க்கத் தயங்கித் தயங்கி விழணும். இட்லி மாவு பக்குவம்னு வெச்சுக்கோங்க. தொண்டையில மாட்டாது, நாக்குல ஒட்டி உள்ள போகும்.

முதல் சாப்பாடு பருப்பு சாதமே போதும். ஒரு பிடி பச்சரிசிக்கு அரைப் பிடி பாசிப்பருப்பு, வாசம் வர வறுத்து, குழைய வேகவிட்டு, மத்தால கடைஞ்சு, அரை ஸ்பூன் நெய். உப்பு வேண்டாம், சர்க்கரை வேண்டாம். ஒரு வயசு வரைக்கும் தேன் நாக்குல தொட்டுக்கூட வைக்கக் கூடாது. தேன்ல ஒருவகைக் கிருமியோட விதை இருக்கலாம். பெரியவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, பிஞ்சுக் குடல்ல முளைச்சு நஞ்சாகி உடம்பையே துவள வெச்சிடும். சேனை தொடுறேன்னு பிறந்த அன்னைக்கே தேன் வைக்கிற பழக்கத்தோட நான் மல்லுக்கட்டாத வருஷம் கிடையாது.

அளவு: முதல் நாள் ரெண்டு, மூணு ஸ்பூன், ஒரு வேளை போதும். ஒரு வாரத்துல ரெண்டு வேளை. எட்டு மாசத்துக்குள்ள அரை டம்ளர் வீதம் மூணு வேளை. பால் நிறுத்த வேண்டாம், கேட்கும்போதெல்லாம் குடுங்க. முதல் வாரம் நாக்கால வெளிய தள்ளுவா. அது பிடிக்காம இல்லை. இத்தனை நாள் உறிஞ்சிப் பழகின நாக்குக்கு உள்ள தள்ளத் தெரியலை, அவ்வளவுதான். ஒரு சாப்பாட்டை எட்டு, பத்து தடவை குடுத்துப் பாக்காம "எம்பொண்ணுக்கு இது பிடிக்காது"ன்னு முடிவு கட்டாதீங்க.

மதுரைப்பாட்டி அம்மா, உங்க கை வளத்த பிள்ளைங்க நல்லா இருக்கட்டும். ஆனா மூணு மாசத்துல பிஸ்கட் வேண்டாம்மா. அது மைதாவும் சர்க்கரையும். பசும்பாலும் ஒரு வயசுக்கு முன்னாடி குடிக்கிற பாலா வேண்டாம். அதுல இரும்புச்சத்து ரொம்பக் குறைவு, சில குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரியாம குடல்ல ரத்தம் கசியவும் வைக்கும். சாதத்துல ரெண்டு ஸ்பூன் தயிர் பிசைஞ்சா தப்பில்லை.

---

பொழில்அப்பா (கோவை) | ஜூன் 4, இரவு 9.55

ஊர்ச்செவிலி அம்மா சொன்ன வெள்ளைத் தண்ணியைக் குடுத்த வீடு எங்க வீடுங்க. அதனால எழுதறேன்.

பையனுக்கு ஆறு மாசத்துல இருந்து பத்து மாசம் வரைக்கும் அரிசிக் கஞ்சி, ஆப்பிள், வாழைப்பழம், பால். ஆள் பாக்கறதுக்கு மொழுமொழுன்னு இருந்தான். யாருக்கும் சந்தேகம் வரலை. பதினோராவது மாசம் தவழ்ந்து போய்ச் செவுத்துச் சுண்ணாம்பை நக்க ஆரம்பிச்சான். நாங்க சிரிச்சு போட்டோ எடுத்தோம். ஊர்ல இருந்து வந்த பெரியம்மாதான் கீழ் இமையை இழுத்துப் பாத்துட்டு, "கண்ணு உள்ளாற வெளுத்துக் கிடக்குது, நாளைக்கே ரத்தம் பாருங்க"ன்னாங்க. ஹீமோகுளோபின் 8.1. பதினொண்ணுக்கு மேல இருக்கோணுமாம்.

டாக்டர் உக்கார வெச்சு வெளக்கினார். வயித்துல இருக்கும்போது அம்மாகிட்ட இருந்து சேத்து வெச்ச இரும்புச்சத்து ஆறு மாசத்தோட தீர்ந்துடும். தாய்ப்பால்ல இருக்கிறது நல்லா உடம்புல சேரும், ஆனா அளவு கொஞ்சம். ஆறு மாசத்துக்கு மேல சாப்பாட்டுல இருந்துதான் வரோணும். நாங்க குடுத்த எதுலயும் அது இல்லை.

மூணு மாசம் சொட்டு மருந்து. கூடவே வாரம் ஒருநாள் ஆட்டு ஈரல், ஒருநாள் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்). சுவரொட்டியைச் சுட்டு, மேல் தோலை உரிச்சு, உள்ள இருக்கிறதைச் சுரண்டி எடுத்தா வெண்ணெய் மாதிரி வரும். அதைச் சாதத்துல பிசைஞ்சு ரெண்டு ஸ்பூன். என் மனைவி பக்கத்துல உக்காந்து அழுதுட்டே ஊட்டினா. இப்ப ரெண்டு வயசு, 11.6 இருக்கு. அந்த போட்டோவை நான் இன்னும் அழிக்கலைங்க. பாக்கறப்பெல்லாம் மனசு வலிக்குது.

---

கயல்அம்மா | ஜூன் 4, இரவு 10.30

அண்ணா, படிச்சதுல இருந்து மனசே சரியில்லை. பாப்பாவோட இமையை இழுத்துப் பாத்துட்டேன், சிவப்பாதான் இருக்கு. நாங்க சைவம். ஈரல், சுவரொட்டி எல்லாம் வீட்டுக்குள்ள வராது. நாங்க என்ன பண்றது?

---

ஊர்ச்செவிலி (ஓய்வு) | ஜூன் 5, காலை 6.15

பொழில்அப்பா, நீங்க பயப்படாம எழுதினதுக்கு நன்றி. இது உங்க ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல, 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்கள்ல 100க்கு 67 பேருக்கு ரத்தசோகை. மொழுமொழு குழந்தையும் அதுல அடக்கம்.

கயல், சைவத்துக்கும் வழி இருக்கு, கொஞ்சம் கூடுதல் கவனம் வேணும். பயறு, காராமணி, கொண்டைக்கடலை, துவரை எதுவானாலும் ராத்திரி ஊறவெச்சு, ஊறின தண்ணியைக் கொட்டிட்டு வேகவிடுங்க. கடையும்போது கூடவே வெந்த தக்காளி, இல்லைன்னா இறக்கின பிறகு நாலு சொட்டு எலுமிச்சை. அந்தப் புளிப்புலதான் பயறுல இருக்கிற இரும்பு உடம்புல ஒட்டும். முட்டை சாப்பிடுவீங்கன்னா ஆறு மாசத்துலயே முழுசா வேகவெச்சுக் குடுக்கலாம். மஞ்சக்கரு முதல்ல, வெள்ளைக்கரு ஒரு வயசுக்கு அப்புறம்னு நாங்களே ஒரு காலத்துல சொல்லிட்டு இருந்தோம். இப்ப அது மாறிடுச்சு.

இன்னொண்ணு, மறக்காம கேட்டு வாங்குங்க: ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் வாரம் ரெண்டு நாள் 1 மில்லி இரும்புச்சத்து சிரப், அரசே இலவசமா குடுக்குது. உங்க பகுதி செவிலியரையோ அங்கன்வாடி டீச்சரையோ கேளுங்க. குடுத்தா மலம் கறுப்பாப் போகும், பதற வேண்டாம். குறைமாசத்துல பிறந்த குழந்தைன்னா ஆறு மாசம் காத்திருக்கக் கூடாது, டாக்டர் முன்னாடியே ஆரம்பிச்சிருப்பார்.

அங்கன்வாடி சத்துமாவையும் ஒதுக்காதீங்க. கோதுமை, கேழ்வரகு, கடலைமாவு எல்லாம் கலந்திருக்கு. வெல்லம் ஏற்கெனவே அதுல இருக்கு, மேல சர்க்கரை போடாதீங்க.

---

யாழ்வாணி | ஜூன் 5, காலை 11.20

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் பிள்ளைக்கு ஆறு மாதம் முடியேக்க குடும்பநல மாது வந்து சொல்லித் தருவா. சோறும் பருப்பும்தான் இங்கயும் முதல். அதோட நெத்தலி. நெத்தலிக் கருவாட்டின்ர தலையைக் கிள்ளி, சுடுதண்ணியில ஊறப்போட்டு உப்பைப் போக்கி, வெயிலில காயவிட்டு, வறுத்து இடிச்சு மாவாக்கி வைப்பம். சோறு மசிக்கேக்க அரைத் தேக்கரண்டி. முள்ளும் சேர்ந்து இடிபடுறதால கல்சியமும் கிடைக்கும். என்ர மூத்தவனுக்கு எடை காணாது எண்டு அரசாங்கம் குடுக்கிற சத்துமா, திரிபோஷாவும் தந்தவை. அதை நான் மாவாகவே எண்ணெயும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழைச்சுக் குடுத்தனான், கஞ்சியாக் கரைக்கேல்ல. மாதுதான் அப்பிடிச் சொன்னவ. செவிலி அம்மா சொன்ன கெட்டிப் பக்குவம் அதுதான் போல.

---

நாஞ்சில்தாய் | ஜூன் 5, மதியம் 3.05

எங்க ஊர்ல ஏத்தங்காய்ப் பொடிதான் (நேந்திரங்காய்ப் பொடி) முதல்ல. பச்சை ஏத்தங்காயைச் சீவிக் காயவெச்சுப் பொடிச்சு, கிளறி ஊட்டுவோம். பிள்ளை நல்லாச் சாப்பிடும், மலம் கொஞ்சம் இறுகும். செவிலி அம்மா, ரெண்டு சந்தேகம். கேழ்வரகுல இரும்பு ரொம்ப இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது போதாதா? நிலக்கடலை எப்போ குடுக்கலாம்? அலர்ஜி வரும்னு மூணு வயசு வரைக்கும் தொடக்கூடாதுன்னு சொன்னாங்க.

---

ஊர்ச்செவிலி (ஓய்வு) | ஜூன் 5, மாலை 5.30

ஏத்தங்காய்ப் பொடியில பருப்பு எதுவும் இல்லை தாயி. தெம்பு குடுக்கும், அது மட்டுமே மூணு வேளையும் கூடாது. காலையில அது, மதியம் பருப்பு சாதம்னு வெச்சுக்கோங்க.

கேழ்வரகோட பெருமை சுண்ணாம்புச்சத்து. 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல. வேற எந்தத் தானியமும் கிட்ட வராது. இரும்பு சுமார்தான், அதுலயும் முளைகட்டாம குடுத்தா ரொம்பக் கொஞ்சம்தான் உடம்புல ஒட்டும். முளைகட்டினா இன்னொரு பெரிய நன்மை இருக்கு, அதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. முளைக்கிற தானியத்துல மாவுச்சத்தை உடைக்கிற அமைலேஸ்னு ஒரு நொதி ஊறும். சாதா கேழ்வரகு மாவை ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு ஸ்பூன் போட்டாலே களியா இறுகிடும். இறுகுதேன்னு அம்மாக்கள் தண்ணி ஊத்துவாங்க, சத்து கரைஞ்சு போயிடும். முளைகட்டின மாவுல அதே டம்ளருக்கு நாலு ஸ்பூன் போட்டாலும் குழந்தை முழுங்குற பதத்துல இருக்கும். அதே வயித்துல ரெண்டு பங்கு சாப்பாடு.

ராத்திரி ஊறவெச்சு, காலையில வடிச்சு ஈரத்துணியில கட்டி, ஒண்ணரை நாள். துணியைப் பிரிச்சா வெள்ளை வேர் அரை விரற்கடை நீண்டிருக்கும், வாசனை இனிப்பா வரும். புளிச்ச வாடையோ பூஞ்சையோ இருந்தா மனசு பாக்காம கொட்டிடுங்க. நிழல்ல நல்லாக் காயவெச்சு, வாசம் வர்ற அளவுக்கு மட்டும் இளஞ்சூட்டுல வறுங்க. கருக வறுத்தா அந்த நொதி செத்துடும். பருப்புக் கஞ்சி இறுகிப் போச்சுன்னா இதுல அரை ஸ்பூன் தூவி, கிளறி, இன்னொரு கொதி விடுங்க. கண்ணு முன்னாடியே இளகும்.

நிலக்கடலை விஷயத்துல காலம் மாறிடுச்சு. 2015இல் லண்டன்ல நடந்த ஒரு பெரிய ஆய்வு வெளியாச்சு. தோல்ல கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைங்க, 4 மாசத்துல இருந்து 11 மாசத்துக்குள்ள. பாதிப் பேருக்கு வாரா வாரம் கடலை சேர்ந்த சாப்பாடு, மீதிப் பேருக்கு அஞ்சு வயசு வரைக்கும் கடலையே கிடையாது. அஞ்சு வயசுல பாத்தா, சாப்பிட்டவங்கள்ல அலர்ஜி அஞ்சுல நாலு பங்கு குறைஞ்சிருந்தது. தள்ளிப்போட்டதுதான் கெடுதலா முடிஞ்சது. வறுத்த கடலையைத் தோல் நீக்கி, வெண்ணெயா அரைச்சு, வெந்நீர்ல இளக்கி, சாதத்துல கால் ஸ்பூன். பகல் நேரத்துல குடுங்க, ரெண்டு மணி நேரம் பக்கத்துல இருங்க. தோல்ல கரப்பான் அதிகமா உள்ள குழந்தைன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான். முழுக்கடலை மட்டும் அஞ்சு வயசு வரைக்கும் கையில குடுக்காதீங்க.

---

இரட்டையர்அப்பா (சென்னை) | ஜூன் 5, இரவு 10.10

கயலோட பயத்துக்கு யாரும் நேரா பதில் சொல்லலையேன்னு எழுதறேன். ஓங்கரிக்கிறது வேற, அடைச்சுக்கிறது வேற. ஓங்கரிச்சா சத்தம் வரும், முகம் சிவக்கும், கண்ணுல தண்ணி வரும், தானே வெளிய தள்ளிடும். குழந்தைக்கு அந்த அனிச்சைச் செயல் நாக்கோட நடுவுலயே இருக்கு, அதனால அடிக்கடி வரும். அப்போ நீங்க அமைதியா உக்காந்திருங்க. வாய்க்குள்ள விரலை விடாதீங்க. அடைச்சுக்கிட்டா சத்தமே இருக்காது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். அதுதான் ஆபத்து.

அப்படி ஆனா: முன்கையில குப்புறப் போடுங்க, தலை தாழ்ந்திருக்கணும், தாடையைப் பிடிச்சுக்கோங்க. ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடியால 5 தட்டு. வரலைன்னா மல்லாத்தி, மார்புக் காம்புக்குச் சற்றுக் கீழ நடுநெஞ்சுல ரெண்டு விரலால 5 அழுத்து. வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. ஒருத்தர் இதைச் செய்யும்போதே இன்னொருத்தர் 108க்குப் போன் பண்ணணும். குழந்தை துவண்டு நினைவில்லாம போனா உடனே செயற்கை சுவாசமும் நெஞ்சு அழுத்தமும் தொடங்கணும், 108ல போன்லயே சொல்லித் தருவாங்க. என் தங்கை, மனைவி, அம்மா மூணு பேருக்கும் ஒரு பொம்மையை வெச்சுச் செஞ்சு காட்டினேன். வீட்ல குழந்தையை யார் யார் பாத்துக்கிறாங்களோ அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

படுக்கவெச்சு ஊட்டாதீங்க. போன்ல பாட்டு ஓடவிட்டு ஊட்டாதீங்க, வாயில என்ன இருக்குன்னே தெரியாம முழுங்கும். திராட்சையை நெடுக்குவாட்டுல நாலா வெட்டுங்க. மிக்ஸியில ஒரு மாசத்துக்கு மேல அடிக்காதீங்க. எங்க இரட்டையர்ல சின்னவனுக்கு ஒரு வயசு வரைக்கும் அரைச்சே குடுத்தோம். சோத்துப் பருக்கை நாக்குல பட்டா வாந்தி எடுத்தான். அதைச் சரிபண்ண ஏழெட்டு மாசம் ஆச்சு. எட்டு, ஒன்பது மாசத்துல சின்னச் சின்னக் கட்டி நாக்குக்குப் பழகிடணும்.

---

மதுரைப்பாட்டி | ஜூன் 6, காலை 8.40

சிஸ்டர், பேத்திக்கு அஞ்சு மாசம் ஆகுது. இந்தத் தேன் விஷயம் எனக்குத் தெரியாது தாயி. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். மருமகளுக்கு இதைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். ஈரத்துணியில கேழ்வரகு கட்டுறது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும், அதை நான் செய்யறேன்.

---

ஊர்ச்செவிலி (ஓய்வு) | ஜூன் 6, காலை 9.10

அம்மா, உங்க மருமக குடுத்து வெச்சவ.

---

கயல்அம்மா | ஜூன் 17, இரவு 9.45

ஆரம்பிச்சாச்சு! மாமியார்கிட்ட சண்டை போட மனசு வரலை. டாக்டர்கிட்ட அவங்களையும் கூட்டிட்டுப் போனேன். அவங்களே கேட்டாங்க, அவரும் பருப்பு சாதம்தான் சொன்னார். இப்ப கடையறது அவங்கதான். ஸ்பூனைச் சாய்ச்சுப் பாத்துட்டு, "விழ மாட்டேங்குதுடி, சரியா இருக்கா?"ன்னு கேக்கறாங்க.

முதல் நாள் எல்லாம் தாடையிலதான் இருந்துச்சு. ரெண்டாம் நாளும் தள்ளினா. நேத்து ஒரு ஸ்பூன் வாயில வெச்சதும் நாக்கு வெளிய வந்துச்சு, அப்புறம் என்ன நினைச்சாளோ, உள்ள இழுத்துக்கிட்டா. தொண்டை ஏறி இறங்கறதைப் பாத்தேன். என் கையைப் புடிச்சு ஸ்பூனைத் தானே வாய்க்கு இழுத்தா. ஒரு தடவை ஓங்கரிச்சா. எனக்குக் கை நடுங்குச்சு, ஆனா இரட்டையர்அப்பா சொன்ன மாதிரி சத்தம் வருதான்னு கேட்டுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். அவளே துப்பிட்டு மறுபடி வாயைத் திறந்தா.

---

கயல்அம்மா | ஜூலை 16, மாலை 6.20

ஏழு மாசம் முடிஞ்சுது. இன்னைக்கு எடை 7.5. சிரப் வாரம் ரெண்டு நாள் போகுது. காலையில முளைகட்டின கேழ்வரகு, மதியம் பருப்பு சாதம் தக்காளியோட, சாயங்காலம் காராமணி மசியல். கடலை வெண்ணெய் போன வாரம் ஆரம்பிச்சேன், ஒண்ணும் ஆகலை. மூணு நாளா மலம் கொஞ்சம் இறுகலா இருக்கு. சாப்பாட்டோட கொதிச்சு ஆறின தண்ணி சங்குல ரெண்டு வாய் குடுக்கறேன், அது போதுமா? கீரை இன்னும் குடுக்கலை. வீட்டுக்குப் பின்னாடி முருங்கை இருக்கு. குடுக்கலாமா?

---

ஊர்ச்செவிலி (ஓய்வு) | ஜூலை 16, இரவு 7.05

ஒண்ணரை மாசத்துல 600 கிராம், நல்ல ஏத்தம். தண்ணியை ஒவ்வொரு வேளையும் ரெண்டு வாய் குடுங்க. நெய்யை அரை ஸ்பூன்ல இருந்து முக்கால் ஆக்குங்க, பப்பாளி நல்லாப் பழுத்ததா ரெண்டு துண்டு மசிச்சுக் குடுங்க, இளகிடும். அப்பவும் இறுகலாவே இருந்து அழுதான்னா டாக்டரைப் பாருங்க.

முருங்கை தாராளமா. நுனிக்கொழுந்து மட்டும் கிள்ளுங்க, காம்பு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. பருப்பு வெந்த பிறகு போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிக் கடைஞ்சுடுங்க. முதல் தடவை ஒரு ஸ்பூன். காலையிலயே குடுங்க, ராத்திரி வேண்டாம்.